வெறும் மரத் துண்டுகளுக்கு வண்ணம் தீட்டும் முறை: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

மாங்காய், மயில், யானை, அகல் விளக்கு, பெயரின் முதலெழுத்து என்று விதவிதமான வடிவங்களில் வெட்டி, மெருகோ வண்ணமோ ஏற்றாமல் விற்கும் சிறு மரத் துண்டுகள் கைவினைப் பொருள் கடைகளிலும் இணையக் கடைகளிலும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. சாவிக்கொத்து, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த வில்லை, வாசற்கதவுப் பெயர்ப்பலகை, கொலுவில் வைக்கும் சிறு அலங்காரம், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் நட்சத்திரம் ஆகியவற்றை இவற்றைக் கொண்டே செய்யலாம். வாங்கி வந்த கையோடு தூரிகையை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான குறைகளைத்தான் சந்திக்கிறார்கள். பரப்பு சொரசொரப்பாகிறது, ஓரம் திட்டுத் திட்டாகத் தெரிகிறது, பேனாக் கோடு கசிகிறது, துண்டு ஒரு பக்கமாக வளைகிறது. இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. மரம் நீரை உறிஞ்சும். நாம் பூசும் வண்ணங்களில் பெரும்பாலானவை நீரில் கரைத்தவை. எனவே மரத்துக்குள் நீர் எந்த வழியாக, எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கவனித்துக்கொண்டால் வேலையில் பாதி முடிந்தது என்றே கொள்ளலாம்.

முதலில் கையில் இருப்பது எந்த மரம்?

கடையில் எல்லாவற்றையும் மரம் என்றே சொல்லி விற்றாலும், இந்தத் துண்டுகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது எம்.டி.எஃப். மர நாரைப் பிசினோடு கலந்து, சூட்டில் அழுத்திச் செய்யும் பலகை இது. மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். மர ரேகை இருக்காது. ஆனால் வெட்டிய ஓரம் நீரைக் கண்டவுடன் உறிஞ்சி உப்பும், உப்பிய ஓரம் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. இரண்டாவது பிளைவுட். மெல்லிய மரத் தகடுகளை ஒன்றின் ரேகை மற்றொன்றுக்குக் குறுக்காக அமையும்படி, பொதுவாக ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி ஒட்டியது. ஓரத்தில் அடுக்குகள் கோடுகளாகத் தெரியும். இடையில் சிறு பொந்துகளும் இருக்கக்கூடும். மூன்றாவது, ஒட்டு எதுவும் இல்லாத முழு மரம். இதில் ரேகை நெடுகிலும் ஓடும். ஈரம் பட்டால் ரேகைக்குக் குறுக்குத் திசையில்தான் அதிகம் விரியும்.

லேசரால் வெட்டிய துண்டுகளில் ஓரம் கருகியிருப்பதால் வகை சட்டென்று புலப்படாது. ஓரத்தின் ஒரு மூலையை பிளேடால் இலேசாகச் சுரண்டிப் பார்த்தால் ஒரே நிறமான பழுப்பா, அடுக்கா, ரேகையா என்பது தெரிந்துவிடும். தொடங்குபவர்களுக்கு 3 மி.மீ. தடிமனும் 6 முதல் 10 செ.மீ. அகலமும் உள்ள எம்.டி.எஃப். துண்டுகளையே பரிந்துரைப்பேன். அதைவிடச் சிறியதைக் கையில் பிடிப்பதே ஒரு வேலையாகிவிடும். ஒரே வகைப் பலகையில் ஒரு துண்டைக் கூடுதலாக வாங்கிச் சோதனைக்கென ஒதுக்கிவைப்பது நல்லது. எந்தப் பூச்சு எப்படிக் காய்கிறது, எந்தப் பேனா கசிகிறது என்பதையெல்லாம் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

உப்புத்தாள் கொண்டு தேய்த்தல்

உப்புத்தாளின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண் கூடக் கூட அதன் மணல் நுண்மையாகும். சிறு துண்டுகளுக்கு 180, 240, 400 ஆகிய மூன்று எண்கள் போதும். கடை எம்.டி.எஃப். துண்டின் முகப்பு ஏற்கெனவே வழவழப்பாக இருப்பதால் அதை 400 எண் தாளால் இரண்டு இழுப்பு இழுத்தாலே போதும். 180 எண் தாள் அதன் ஓரத்துக்கு மட்டும். முழு மரமானால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்கள் அப்போது கண்ணுக்குத் தெரியாமல், சாயம் ஏறியபின் கருங்கோடுகளாக எழுந்து நிற்கும். தாளை விரலால் அழுத்துவதைவிட ஒரு பென்சில் அழிப்பானில் சுற்றித் தேய்த்தால் பரப்பு சமமாக வரும். மயிலின் கழுத்து வளைவு போன்ற குறுகிய இடங்களுக்கு நகம் தேய்க்கும் அட்டை மிகப் பொருத்தமான கருவி.

லேசர் வெட்டின் கரியைத் தேய்த்தோ துடைத்தோ அகற்றாமல் வெள்ளைப் பூச்சுக்குப் போகக் கூடாது. விரலில் ஒட்டிய கரி அப்படியே முகப்புக்கு ஏறும். முகப்பில் புகைக்கறை படிந்திருந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு அதைப் பெரும்பாலும் எடுத்துவிடும். தண்ணீரால் துடைத்தால் கறை பரவும், எம்.டி.எஃப். ஓரமும் உப்பத் தொடங்கும்.

தேய்க்கும்போது கிளம்பும் தூளை அலட்சியமாகக் கருத வேண்டாம். மரத்தூளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எம்.டி.எஃப். பிசினில் பெரும்பாலும் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பட்டறையில் நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு உள்ள ஆபத்து, எப்போதாவது நான்கு துண்டுகளைத் தேய்ப்பவருக்கு இருக்காது. ஆனாலும் என்95 முகக்கவசம் அணிந்து, மொட்டை மாடியிலோ திறந்த பால்கனியிலோ, குழந்தைகள் அருகில் இல்லாதபோது தேய்ப்பதே முறை. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து தேய்ப்பது தூளை வீடு முழுவதும் பரப்பும்.

முழு மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் இன்னொரு படி உண்டு. நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, முற்றிலும் காய விட்டு, பிறகு தொட்டுப் பாருங்கள். வழவழப்பாக இருந்த பரப்பில் நுண்ணிய இழைகள் சிலிர்த்து நிற்கும். நீர் பட்டால் இவை எப்படியும் எழத்தான் போகின்றன. வண்ணத்துக்கு அடியில் எழுவதைவிட இப்போதே எழட்டும் என்பதற்காகவே இந்தத் துடைப்பு. 400 எண் தாளால் அழுத்தாமல் ஒருமுறை நீவினால் அவை உதிர்ந்துவிடும். அதற்குப் பின் பூசும் வண்ணத்தில் அந்தச் சொரசொரப்பு வெகுவாகக் குறையும்.

நீர் இறங்கும் வழியை அடைத்தல்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இதுதான். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த வண்ணத்தை வாங்குவதைவிட இந்தப் படிக்கு அரை நாள் ஒதுக்குவது மேல். இதற்கான அடைப்புப் பூச்சு, கடையில் வுட் சீலர் என்று கேட்டால் கிடைக்கும். இல்லையென்றால், மர வேலைக்கான வெள்ளைப் பசையை, அதாவது ஃபெவிகால் போன்றதை, சம அளவு நீரில் கரைத்துக்கொண்டால் உள் அலங்காரப் பொருள்களுக்கு அதுவே போதும். எம்.டி.எஃப். துண்டின் ஓரத்தில் இதைத் தூரிகையால் சிறிது சிறிதாகத் தடவ வேண்டும். முதல் பூச்சு நொடியில் உள்ளே போய் மறைந்துவிடும். அது காய்ந்தபின் ஓரம் சற்றுச் சொரசொரப்பாகும். 240 எண் தாளால் தேய்த்துவிட்டு இரண்டாம் பூச்சு கொடுக்க வேண்டும். இம்முறை பசை உள்ளே போகாமல் மேலேயே பளபளத்து நின்றால் ஓரம் அடைபட்டுவிட்டது என்று பொருள். இல்லையென்றால் மூன்றாவது பூச்சும் தேவை. பிளைவுட் ஓரத்தில் பொந்து இருந்தால், பசைக்கு முன்பே மரப் புட்டியை விரல் நுனியால் அமுக்கி நிரப்பி, காய்ந்தபின் சமமாகத் தேய்த்துவிடுங்கள்.

முகப்புக்கு வெள்ளை ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் அடித்தளப் பூச்சு) அல்லது நீரில் கரையும் வெள்ளை பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு போன்ற நிறங்கள் எம்.டி.எஃப். பழுப்பின் மேல் மங்கித் தெரியும். வெள்ளை அடித்தளத்தின் மேல்தான் அவற்றின் துலக்கம் வரும். கருநீலம், கரும்பச்சை போன்ற அடர்நிறங்களை மட்டுமே தீட்டப் போகிறீர்கள் என்றால் வெள்ளை அடித்தளம் தேவையில்லை.

முன்புறம் எத்தனை பூச்சோ, பின்புறத்துக்கும் ஏறக்குறைய அத்தனை பூச்சு கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துக் காய்ந்து இறுகினால் மெல்லிய துண்டு அந்தப் பக்கமாக வளையும். பின்புறம் கண்ணில் படாது என்பதற்காக விட்டுவிடுவதால்தான் சுவரில் தொங்கும் பெயர்ப்பலகைகள் பல கொஞ்சம் கவிழ்ந்தாற்போலத் தெரிகின்றன.

மரம் பளபளக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வண்ணம் தீட்டப் போகும் துண்டில் அதைச் செய்யவே கூடாது. தேங்காய் எண்ணெய் காற்றில் இறுகும் வகையைச் சேர்ந்ததன்று. அது மரத்துக்குள் எண்ணெயாகவே தங்கி, மேலே ஏறும் எந்த நீர் வண்ணத்தையும் பிடிக்க விடாது. நாளடைவில் சிக்கு வாடையும் வரும்.

எந்த வண்ணம்?

தொடங்குபவருக்கு அக்ரிலிக் வண்ணமே ஏற்றது. அதில் உள்ள நீர் ஆவியாகும்போது நுண்ணிய பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு படலமாகிவிடும். காய்ந்தபின் அது நீரில் கரையாது. எனவே ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை அச்சமின்றித் தீட்டலாம். ஈரத்தில் பால் போல இருக்கும் பிசின் காய்ந்ததும் தெளிந்துவிடுவதால், நிறம் தட்டில் தெரிவதைவிடச் சற்று அடர்ந்துதான் நிற்கும். நிறம் கலக்கும்போது இதை நினைவில் வையுங்கள். போஸ்டர் கலர் மலிவாகக் கிடைத்தாலும் காய்ந்தபின் நீர் பட்டால் மீண்டும் கரையும். அதன் மேல் நீர் வார்னிஷைப் பூசினால், அத்தனை நேரம் வரைந்ததெல்லாம் தூரிகையோடு கலங்கி வந்துவிடும்.

வீட்டில் மீந்திருக்கும் பழைய எனாமல் டின்னைக் கொண்டு குழந்தைகளுக்கான பொருளில் பூசுவது தவறு. வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியை இந்திய அரசு 2016இல் வெளியிட்டது; அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டின்னில் என்ன இருக்கிறது என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது.

துண்டைக் கையில் பிடித்துக்கொண்டே தீட்டினால் விரல் ரேகை பதியும். பாட்டில் மூடி ஒன்றின் மேல் இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி, அதில் துண்டின் பின்புறத்தைப் பதித்துக்கொண்டால் மூடியைப் பிடித்துத் திருப்பித் திருப்பித் தீட்டலாம். முதலில் ஓரம், பிறகு முகப்பு என்பதே வரிசை. ஓரத்திலிருந்து முகப்புக்கு வழிந்த வண்ணத்தை முகப்புப் பூச்சு மூடிவிடும். இதை மாற்றிச் செய்தால் முடித்த முகப்பில் கறை விழும். அரை அங்குல தட்டைத் தூரிகை, 2, 0 எண் உருண்டைத் தூரிகைகள் ஆகிய மூன்றும் போதும். இவற்றில் செயற்கை இழைத் தூரிகையே அக்ரிலிக்குக்கு உகந்தது. தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகள் எப்போதும் மேலானவை. தடித்த பூச்சில் தூரிகைத் தடம் விழும். மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் வெயில் நாளில் அரை மணி நேரம், ஐப்பசி கார்த்திகை மழை நாளில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் விட வேண்டும். தொட்டால் குளிர்ச்சியாகத் தோன்றினால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது.

பயிற்சிக்கு ஒரு மாங்காய்

நகைகளிலும் சேலைக் கரைகளிலும் காணும் மாங்காய் வடிவம் புள்ளி வேலைக்கு மிகவும் இசைவானது. ஏறத்தாழ 8 செ.மீ. உயரமுள்ள மாங்காய்த் துண்டு ஒன்றை மேற்சொன்னபடி தேய்த்து, அடைத்து, கருநீலம் இரண்டு பூச்சு கொடுத்துக் காய விடுங்கள். உள்ளே ஓரத்துக்கு இணையாக 5 மி.மீ. தள்ளி ஒரு கோடு வேண்டும். பென்சிலை நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பிடித்து, நடுவிரலின் பக்கத்தைத் துண்டின் ஓரத்தில் வைத்து, விரலை ஓரம் பிடித்து நகர்த்தினால் கோடு தானாகவே இணையாக வரும். தச்சர்கள் பலகையில் கோடிடுவதும் இப்படித்தான். கருநீலத்தில் சாதாரணப் பென்சில் தெரியாது. வெள்ளை வண்ணப் பென்சில் வேண்டும். வேறு படம் எதையாவது பதிக்க வேண்டுமானால், பட்டர் பேப்பரில் வரைந்து, அதன் பின்புறம் சாக்பீஸைத் தேய்த்து, மேலிருந்து கோட்டின் மீது அழுத்தி எழுதலாம். வெளிர்நிறப் பரப்பாக இருந்தால் சாக்பீஸுக்குப் பதில் 4பி பென்சில். கார்பன் தாள் விடும் மெழுகுக் கோட்டின் மேல் வண்ணம் சரியாகப் பிடிக்காது.

புள்ளிக்கான வெள்ளை வண்ணம் கரைத்த தோசை மாவின் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் புள்ளியின் நடுவில் வால் எழும், நீர்த்திருந்தால் பரவித் தட்டையாகும். தூரிகைக் காம்பின் பின்முனை, குண்டூசித் தலை, பல் குத்தும் குச்சி ஆகியவையே கருவிகள். நுனியை வண்ணத்தில் தொட்டு, துண்டின் மேல் நேர் செங்குத்தாக வைத்து, நேராக மேலே எடுங்கள். சாய்த்து எடுத்தால் புள்ளி முட்டை வடிவாகும். ஒரு முறை தொட்டுவிட்டு அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போனால் முதல் புள்ளி பெரிதாகவும் பின் வருபவை படிப்படியாகச் சிறுத்தும் விழும். மாங்காயின் வயிற்றுப் பகுதியில் தொடங்கி, சுருண்ட நுனியை நோக்கி இப்படி ஐந்தாறு புள்ளிகளை வைத்தால் வளைவுக்கு ஏற்பச் சிறுக்கும் சரம் தானே அமைந்துவிடும். மாறாக, ஓரத்துக் கோட்டின் மேல் ஒரே அளவில் புள்ளிகள் வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகத் தொட வேண்டும். இடைவெளியை முதலிலிருந்து வரிசையாக நிரப்பிக்கொண்டு வருவதைவிட, மேல், கீழ், இடம், வலம் என நான்கு புள்ளிகளை முதலில் வைத்து, அவற்றின் நடுவில் ஒன்று, பிறகு அவற்றின் நடுவில் ஒன்று என்று பிரித்துக்கொண்டே போவது நல்லது. கடைசியில் அரைப் புள்ளிக்கு மட்டுமே இடம் மிஞ்சும் சங்கடம் இதில் வராது.

தடித்த புள்ளிகள் காய ஒரு முழு இரவு ஆகும். அதன்பின் விரும்பினால் பெரிய புள்ளிகளின் மேல் தங்க நிறத்தில் சிறு புள்ளி வைக்கலாம். தங்க வண்ணம் தனியாகப் பரப்பை மூடாது. வெறும் கருநீலத்தின் மேல் அது சாம்பலாக மங்கும். அதனால்தான் வெள்ளையின் மேலோ, காவி மஞ்சளின் மேலோ வைக்கச் சொல்கிறோம்.

பேனா, நாப்கின், சாயம்

மார்க்கர் பேனாவால் வெறும் மரத்தில் எழுதினால் மை ரேகை வழியே ஓடி எழுத்து மீசை முளைத்தாற்போல் ஆகிவிடும். அடைத்த, வண்ணம் பூசிய பரப்பில் மட்டுமே எழுத வேண்டும். ஆல்கஹால் மை பேனாவின் மேல் ஸ்பிரே வார்னிஷ் பட்டால் மை கலையக்கூடும் என்பதால், சோதனைத் துண்டில் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

வரையத் தயங்குபவர்களுக்கு அச்சிட்ட காகித நாப்கின் ஒரு நல்ல வழி. நாப்கின் இரண்டு மூன்று ஏடுகளாக இருக்கும். அச்சுள்ள மேலேட்டை மட்டும் பிரித்தெடுத்து, வெள்ளைப் பூச்சுள்ள துண்டில் நீர்த்த பசை தடவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பதிக்க வேண்டும். ஈர ஏடு எளிதில் கிழியும். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து அதன் மேல் விரலால் நீவினால் சுருக்கம் விழாது. காய்ந்தபின் ஓரத்தில் மீந்திருப்பதைக் கத்தரிக்காமல், உப்புத்தாளை மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுத்தால் ஓரம் துல்லியமாக அறுபடும்.

ரேகை அழகாக உள்ள முழு மரத்தை வண்ணத்தால் மூடாமல் சாயம் மட்டும் ஏற்றலாம். இதற்கு அடைப்புப் பூச்சு கூடாது, ஏனெனில் மரம் குடித்தால்தான் சாயம் ஏறும். கெட்டித் தேயிலைக் கஷாயம் இளம்பழுப்பைத் தரும். மஞ்சள்தூள் கரைசல் முதலில் பளிச்சென்று இருந்தாலும் வெளிச்சத்தில் விரைவில் வெளுத்துவிடும் என்பதால் அதை நான் தவிர்ப்பேன். இரும்பு நாரை வினிகரில் சில நாள் ஊறவைத்து வடித்த நீரைப் பூசினால், மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து சாம்பல் முதல் கருப்பு வரை நிறம் எழும். துவர்ப்பு குறைந்த வெளிறிய மரமானால் முன்கூட்டியே தேயிலைக் கஷாயத்தைப் பூசிக் காய வைக்க வேண்டும். கலம்காரித் துணியில் கடுக்காய்த் துவர்ப்பும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கருங்கோடாவதும் இதே வேதிவினைதான். கொலுவில் வைக்கும் செம்மர மரப்பாச்சிகளுக்கோ இந்தச் சாயமும் வேண்டாம். மரத்தின் நிறத்தை அப்படியே விட்டுத் துணியாலும் ஜரிகையாலும் மட்டுமே அலங்கரிப்பது வழக்கம்.

ஆளி விதை எண்ணெய் பூசி மெருகேற்ற விரும்புபவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து இறுகும்போது சூடாகும். சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றக்கூடும். துணியை விரித்துப் போட்டு, வெளியில் முற்றிலும் காய்ந்தபின் அப்புறப்படுத்துங்கள்.

வார்னிஷ்

கடைசி வண்ணப் பூச்சுக்குப் பிறகு ஒரு முழு நாளாவது பொறுத்திருந்துதான் வார்னிஷ் பூச வேண்டும். நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் மணம் குறைவானது, மஞ்சளிக்காது. டப்பாவைக் குலுக்கினால் குமிழிகள் உண்டாகி அப்படியே பரப்பில் உறையும். குச்சியால் மெதுவாகக் கிண்ட வேண்டும். மங்கலான மேட் வார்னிஷில் மங்கல் தரும் துகள்கள் அடியில் படிந்திருக்கும் என்பதால் கிண்டுவது இன்னும் அவசியம். மேட் வார்னிஷைப் பல பூச்சு கொடுத்தால் அடர்நிறங்களின் மேல் புகை படிந்தாற்போல் தோன்றும். ஆகவே முதல் ஒன்றிரண்டு பூச்சுகளைப் பளபளப்பு வகையிலும், கடைசிப் பூச்சை மட்டும் மேட் வகையிலும் கொடுப்பதே என் வழக்கம். ஸ்பிரே வகையாக இருந்தால் 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, துண்டின் வெளியில் தொடங்கி வெளியில் முடியும்படி கையை ஓட்ட வேண்டும். மழை நாளில் ஸ்பிரே செய்யாதீர்கள். காற்றின் ஈரம் படலத்தில் சிக்கி வெண்மை பூத்துவிடும்.

தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் அக்ரிலிக் படலம் உள்ளே முழுமையாக இறுக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது வண்ணம் உரிந்து வரும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். கோப்பைத் தட்டுகளுக்கு அக்ரிலிக் வார்னிஷ் போதாது. சூடான டம்ளர் அதை இளக்கி அடியில் ஒட்டிக்கொள்ளும். பாலியுரேத்தேன் வகைதான் தாங்கும்.

பொருத்துதல்

வெள்ளைப் பசை மரத்தோடு மரத்தை உறுதியாக ஒட்டும், வண்ணத்தோடு வண்ணத்தை அப்படி ஒட்டாது. ஒட்ட வேண்டிய இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி மரத்தை வெளிக்காட்டியபின் பசையிட்டு, இரவு முழுவதும் எடை வைத்து அழுத்துங்கள். உடனே பிடிக்கும் சூப்பர் குளூவின் ஆவி சுற்றியுள்ள பரப்பில் வெள்ளைப் புகைத்தடமாகப் படிவதால், கண்ணில் படும் இடத்தில் அதைத் தவிர்க்கலாம். காந்தத்துக்கு இரு குழாய்களைக் கலந்து பூசும் எப்பாக்ஸி பசை ஏற்றது. சாவி வளையத் துளை வண்ணத்தால் அடைபட்டிருந்தால், வார்னிஷுக்கு முன்பே பல் குத்தும் குச்சியைச் செலுத்திச் சுழற்றித் துடைத்துவிட வேண்டும். வார்னிஷ் இறுகியபின் குத்தினால் துளையைச் சுற்றிச் சில்லு பெயரும்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நியோடிமியம் காந்தம் வைத்த வில்லைகளைத் தரக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கினால் அவை குடலின் சுவரை இடையில் வைத்து ஒன்றையொன்று கவ்விப் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும். இத்துண்டுகளைப் பொம்மைகளாகச் செய்து விற்க நினைப்பவர்கள், இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருப்பதையும், மத்திய அரசின் கைவினைப் பொருள்கள் ஆணையர் அலுவலகத்தில் பதிவுசெய்த கைவினைஞர்களுக்கு அதில் விலக்கு உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அலங்காரப் பொருளாக மட்டும் விற்பதானால், விளையாட்டுக்கு உரியதன்று என்று அட்டையில் தெளிவாக எழுதி ஒட்டிவிடுங்கள்.